மார்கழியில் கிடைத்த வீடு

அம்மனை நம்பியிருக்கும் அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் நின்று பேசவும் எனக்கு வராது. அதனால்தான் கோவிலில் எழுந்து சொல்லாமல் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறேன். மனைவி பெயர் செல்லம். ஒரே மகள் மாரீஸ்வரி. மாரி என்று கூப்பிடுவோம். அவள் விமானம் ஓட்டுகிறாள். இதை எழுதும்போதுகூட, யாருடைய மகளையோ பற்றி எழுதுவது போலத்தான் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் செல்லம் வாதத்தில் விழுந்தாள். இடது கையும் காலும் வரவில்லை. தினமும் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் பிடித்தால் கையை இழுத்துக்கொள்வாள். மாரி பிடித்தால் மட்டும் கொடுப்பாள். அதற்காகவே மாரி மதுரையில் வேலை கேட்டாள். கார்த்திகை மாதம் அதுவும் கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது.

முதல் விமானத்துக்கு விடியும் முன்னே அங்கே இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அந்த நேரத்தில் போய்ச் சேர வழியில்லை. சொந்தக் கார் உள்ளவர்கள் எங்கிருந்தும் வரலாம். இல்லாதவர்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். எங்களிடம் கார் இல்லை. படிப்புக்கு வாங்கிய கடனே இன்னும் பல வருடத்துக்கு இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். மாரிக்கு விமானம் ஓட்டத் தெரியுமே தவிர, கார் ஓட்டத் தெரியாது.

மார்கழி பாதிக்குள் வீட்டு விலாசத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மதுரை இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவள் வடக்கே போக வேண்டும். நாங்களும் கூடப் போய்க் குடியிருக்க முடியாது. கொடிக்காலை ஒரு நாள் பார்க்காமல் விட்டாலும் கொடி வாடிவிடும்.

ராசு என்ற வீட்டுத் தரகர் எங்களை அவனியாபுரம், வில்லாபுரம் பக்கமெல்லாம் கூட்டிக்கொண்டு அலைந்தார். முதல் வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்தார்.

“பொண்ணு என்ன பண்ணுது?”

“பைலட் சார்,” என்றாள் மாரி.

“நூத்தியெட்டு வண்டியிலயா?” ஆம்புலன்ஸ் ஓட்டுபவரையும் பைலட் என்றுதான் சொல்வார்கள்.

“இல்ல சார். பிளேன்ல.”

அவர் தெருவில் நின்ற ஆட்டோவைப் பார்த்தார். என் வேட்டியைப் பார்த்தார். “பிளேன் ஓட்டுற பிள்ளைக்கு ஒரு காரு இல்லையாக்கும்? யாருகிட்ட கத விடுறீக?”

மாரி சிரித்தபடி அடையாள அட்டையை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இப்பக் கடையிலயே அடிச்சுக் குடுக்குறான்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம்பியவர்களும் வீடு கொடுக்கவில்லை. கல்யாணமாகாத பெண் தனியாக இருப்பதா என்றார்கள். விடியும் முன்னே யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினால் தெருவில் என்ன பேசுவார்கள் என்றார்கள். பிறகு மார்கழி பிறந்துவிட்டது. காலியாக இருந்த வீடுகளிலும் ஒரே பதில்தான். “தை பொறக்கட்டும்ண்ணே. மார்கழில குடி வச்சா எங்களுக்கே ஆகாது.” அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் மார்கழியில் ஒரு நல்ல காரியமும் தொடங்காதவன்தான்.

பதினோரு வீடு பார்த்தோம். பதினோரு இடத்திலும் நான் வாயே திறக்கவில்லை. அப்பன் என்று கூடப் போய் நின்றதோடு சரி. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாரி சொன்னாள்.

“விடுங்கப்பா. நான் வடக்கயே போறேன். லீவு கெடைக்கிறப்ப வாரேன்.”

“அம்மா கை?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவது போல இருந்தேன்.

அடுத்த நாள் அவள் ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது. விலாசம் கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது. காலையில் கிள்ளிய வெற்றிலையில் முதல் கட்டை எடுத்துக்கொண்டு மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். வாரா வாரம் கொடுப்பதுதான். அன்றைக்குச் சன்னதியை விட்டு நகராமல் நின்றேன். “தாயே, எனக்குப் பேச வராது. என் மகளுக்காக நீயே பேசு” என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. பூசாரி கொஞ்சம் வெற்றிலையோடு மஞ்சள் கிழங்கும் குங்குமப் பொட்டலமும் வைத்துப் பிரசாதமாகக் கொடுத்தார். செல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று மஞ்சள் பையில் வைத்தேன்.

அப்போது ராசு போன் செய்தார். “வில்லாபுரத்துல ஒரு மாடி வீடு இருக்குண்ணே. டீச்சரம்மா வீடு. பைலட் பொண்ணுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். கடைசியாக் கேட்டுப் பாத்துருவோம், வாங்க.” வீட்டுக்குப் போகாமல் அப்படியே பஸ் ஏறினேன்.

ராசு கதவைத் தட்டினார். கதவு திறந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. எப்போதும் அப்படித்தான். வாசல் கோலமும் ஒரு பெண்ணின் பாதமும் மட்டும் தெரிந்தது. பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை, கை முந்திக்கொண்டது. பையில் இருந்த வெற்றிலை, மஞ்சள், குங்குமம் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு கையாலும் நீட்டிவிட்டேன்.

“தாயி, வாங்கிக்கங்க.”

அந்தக் கால்கள் அசையவில்லை. பிறகு இரண்டு கை வந்து மெதுவாக வாங்கிக்கொண்டது. “கொஞ்சம் இருங்க” என்று ஒரு குரல். கதவு சாத்திக்கொண்டது.

ராசு என்னைக் கேட்டுக்கு வெளியே இழுத்தார். “என்னண்ணே, மொகத்த நிமிந்து பாத்தீகளா இல்லையா? டீச்சரம்மா வீட்டுக்காரரு தவறி எட்டு வருசமாச்சு. அவுக கையில போயி வெத்தலயும் குங்குமத்தையும் வச்சிட்டீகளே.”

புருஷனை இழந்த பெண்களுக்கு எங்கள் பக்கம் தாம்பூலம் கொடுப்பதில்லை. தெரியாமல் கொடுத்தாலும் கேலி செய்தது போல ஆகிவிடும். பதினோரு வீட்டில் அவர்கள் கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டாவது வீட்டில் நானே சாத்திவிட்டேன் என்று நினைத்தேன். மாரியம்மா, பேசு என்றுதானே கேட்டேன், இப்படிச் செய்துவிட்டாயே என்று மனசுக்குள் திட்டவும் செய்தேன். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கதவு மறுபடி திறந்தது. “உள்ள வாங்க ரெண்டு பேரும்.”

கூடத்தில், காக்கிச் சட்டை போட்ட ஒருவரின் படத்துக்கு முன்னால், ஒரு தட்டில் என் வெற்றிலை இருந்தது. டீச்சரம்மாவின் கண் சிவந்திருந்தது.

“தெரியாமச் செஞ்சுட்டேன் தாயி. மன்னிச்சுக்கங்க,” என்றேன்.

“தெரியாமத்தான் செஞ்சிருப்பீங்க. தெரிஞ்சா யாரு குடுப்பா?” என்றார். “போன மாசம் என் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. வந்தவங்களுக்கெல்லாம் தாம்பூலப் பை. எனக்கு மட்டும் டப்பாவுல சாப்பாடு கட்டிக் குடுத்தாங்க. எட்டு வருசமா அப்படித்தான். இன்னைக்கு வெள்ளிக்கெழமையும் அதுவுமா நீங்க ரெண்டு கையால குடுக்குறீங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரே கேட்டார். “பொண்ணு காலையில எத்தன மணிக்குக் கெளம்புவா?”

“எல்லாம் நல்லா விடிஞ்சுதான் டீச்சர்,” என்றார் ராசு அவசரமாக.

அப்போதுதான் என் வாய் திறந்தது. “இல்ல தாயி. நாலு மணிக்கெல்லாம் கெளம்பணும். யூனிபார்ம் போட்டுருப்பா. கம்பெனி வண்டி வரும். எங்ககிட்டக் காரு இல்ல.” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். ராசு தலையில் கை வைத்துக்கொண்டார்.

டீச்சரம்மா அந்தப் படத்தைப் பார்த்தார். “இவரும் மொத பஸ்ஸு டிரைவர்தான். நாலு மணிக்குக் காக்கிச் சட்டையப் போட்டுக் கெளம்பிருவாரு. இவருக்கும் சொந்தமாக் காரு கெடையாது. ஊரையே ஏத்திட்டுப் போனாரு.”

எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செடுத்தது. இவர் படத்துக்கு முன்னால் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்?

ராசு மட்டும் விடவில்லை. “மார்கழி டீச்சர். பால் காச்சணுமே.”

“மார்கழி நல்ல காரியத்துக்கு ஆகாதுங்குறாங்க. என்னையும் அப்படித்தான் சொல்றாங்க. ஞாயித்துக்கெழமை பால் காச்சட்டும். நாந்தான் அடுப்பு பத்த வைப்பேன். சம்மதமா?”

ஒரு நொடி எனக்குள்ளும் தயக்கம் வந்தது. மறைக்க மாட்டேன். என் சொந்தக்காரர்கள் முகமெல்லாம் வந்து போனது. பிறகு அந்தத் தட்டைப் பார்த்தேன். அம்மன் கையிலிருந்து வந்த வெற்றிலை. அவள் கொடுத்த இடத்தில் நான் யார் கணக்குப் பார்க்க? தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரி வந்துவிட்டாள். செல்லத்தை ஆட்டோவில் கூட்டிப்போய்க் கீழே கூடத்தில் உட்கார வைத்தோம். மாடியில் டீச்சரம்மா அடுப்பைப் பற்ற வைத்தார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. அந்தக் குங்குமப் பொட்டலத்தைப் பத்திரமாக வைத்திருந்து, அவரே மாரி நெற்றியில் வைத்துவிட்டார். மறுநாள் விலாசம் கொடுத்தாகிவிட்டது.

இப்போது மாரி கிளம்பும் நாளெல்லாம் டீச்சரம்மா டம்ளரில் காப்பியோடு கேட்டில் நிற்கிறாராம். “எதுக்கும்மா எந்திரிக்கிறீங்க” என்று மாரி கேட்டதற்கு, “எட்டு வருசமா அந்நேரத்துக்கு முழிப்பு வந்து சும்மா படுத்துக் கெடந்தேன். இப்ப வேல இருக்கு” என்றாராம்.

வேலை சீக்கிரம் முடிகிற நாளிலும் லீவு நாளிலும் மாரி பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுகிறாள். அம்மாவின் விரல்களை மடக்கி நீட்டுகிறாள். போன வாரம் செல்லம் இடது கையால் ஒரு வெற்றிலையை எடுத்தாள். எடுத்து, அடுக்கின இலை மேல் வைத்தாள். மூன்று பேரும் அந்த ஒற்றை இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

காலையில் கொடிக்காலில் நிற்கும்போது எப்போதாவது விமானச் சத்தம் கேட்கும். எது மாரி ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் தோளிலிருந்து துண்டை எடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோவிலில் வெற்றிலை கொடுக்கும்போது, பின்னால் ஒதுங்கி நிற்கும் பெண்களிடமும் போய் இரண்டு கையாலும் கொடுக்கிறேன். சிலர் முணுமுணுக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்துவதில்லை. யார் நெற்றியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவும் வேண்டாம்.

அன்பர்களே, அம்மனிடம் கேட்க நல்ல வார்த்தை தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு ஒரு வரிதான் வந்தது. அதுவும் திக்கித் திக்கி. நீங்களும் உங்கள் கஷ்டத்தை அவள் முன்னால் போய்ச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் சும்மா நில்லுங்கள். எந்தக் கையை எங்கே நீட்ட வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பல நாள் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டு, ஒருவழியாக எழுதி முடித்தது தை மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.