முதல் கைதட்டு

இந்த விடயங்கள் தொடங்குவதற்கு முன்னர், எங்கள் பகுதியின் அணிவகுப்பு இசைக்குழு எந்தத் திடலில் வாசித்தாலும் முதல் கைதட்டு என்னுடையதாக இருந்தது. இதைத் தற்பெருமைக்காகக் கூறவில்லை. பின்னர் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்த ஏற்பாட்டை அறிந்திருப்பது அவசியம்.

ஜேர்மனியின் எசன் நகரின் வடபகுதியில் இருக்கும் அந்தக் குழுவில் மேளங்களும் பியூகிள் என்னும் ஊதுகொம்புகளும் மாத்திரமே உண்டு. ஜேர்மன் பிள்ளைகளும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுமாகச் சேர்ந்து, கோடைகாலத்தில் விளையாட்டுத் திடல்களில் போட்டிக்கு இறங்குவார்கள். புல்தரையில் நடந்துகொண்டே வாசிப்பார்கள். அவர்களை ஆதரிப்பதற்கென ஒரு ரசிகர் சங்கம் இருக்கிறது. நீலக் கழுத்துத் துணி அணிந்து, அரங்கின் நடுப்பகுதியில் ஒரே திரளாக அமர்வோம்.

குழுவின் நிகழ்ச்சி முன்பெல்லாம் இந்தப் பகுதியின் பழைய சுரங்கத் தொழிலாளர் பாட்டுடன்தான் நிறைவுறும். அந்தப் பாட்டுக்கு முன் எல்லா மேளங்களும் நின்றுவிடும். நீண்ட மௌனம். பிறகு ஒரேயொரு பியூகிள் மிக மெல்லியதாக எழும். விவரமறியாதவர்கள் நிகழ்ச்சி முடிந்துவிட்டதென எண்ணி அந்த மௌனத்தில் கைதட்டி, அந்த முதல் சுரத்தைக் கொன்றுவிடுவார்கள். ஆகவே சங்கத்தின் மூத்தவர்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். குழுவை நடத்தும் டிரம் மேஜர் எங்கள் பக்கம் திரும்பி, தொப்பியில் கைவைத்து சல்யூட் செய்யும்வரை எவரும் கைதட்டுவதில்லை. சல்யூட் வந்ததும் சங்கம் தெரிந்தெடுத்த ஒருவர் எழுந்து முதலில் தட்டுவார். அதன் பின்னரே மற்றவர்கள். நாளடைவில் ஏனைய பார்வையாளர்களும் எங்கள் திரளைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள்.

எனக்கு முன் அந்தப் பொறுப்பை வகித்தவர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அவர் காலமானபோது சங்கம் கூடி அதை எனக்குத் தந்தது. நான் கணிதப் பட்டதாரி. யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் காலத்தில் பாண்ட் வாத்தியக் குழுவில் சைட் டிரம் என்னும் சிறுமேள வரிசைக்குத் தலைமை தாங்கியவன். ஜேர்மனியில் இளைப்பாறும்வரை ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் பணியாற்றினேன். அங்கே என் பட்டத்தைப் பற்றி எவரும் கேட்டதில்லை. அந்த நீலத் திரளில் மாத்திரம், நிகழ்ச்சி முடிந்ததும் முன்வரிசைகளிலிருந்து தலைகள் என் பக்கம் திரும்பும். "எப்படி இருந்தது?" என்று கேட்பார்கள். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வார்கள்.

என் மனைவி இறந்த பின்னர் அந்தக் கேள்வியின் மதிப்பு எனக்கு அதிகமாயிற்று. மகள் மியூனிக்கில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பாள். "சாப்பிட்டாச்சோ அப்பா?" என்பாள். "ஓம்" என்பேன். மற்றைய நாட்களில் வீட்டில் என் குரலை நான் கேட்பது அரிது.

போட்டி நாட்களில் என்னை ஏற்றிச் செல்பவர் ஒரு நண்பர். என்னிலும் பல வயது இளையவர், யாழ்ப்பாணத்தில் எனக்குப் பக்கத்து ஊர்க்காரர். காலையில் கீழே கார் நின்று இரண்டு முறை ஹோர்ன் ஒலிக்கும். முன் இருக்கையில் அவருடைய மனைவி பொரித்துக் கட்டித்தந்த ரோல்ஸ் பலகாரப் பொதி சூடாக இருக்கும். அதை மடியில் வைத்துக்கொண்டு நான் அமர வேண்டும். அவருடைய மகன் சிறுவயதில் அந்தக் குழுவில் பேஸ் டிரம் என்னும் பெருமேளம் சுமந்தவன். பின்னர் இசை படித்தான். அந்தக் குளிர்காலத்தில், குழுவின் புதிய நிகழ்ச்சியை அமைக்கும் பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அது முதல் தடவை. தகப்பனார் அந்தச் செய்தியை என்னிடம் சொன்னபோது காரை ஓரத்தில் நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்.

வசந்தகாலத்தில், குழு ஒத்திகை பார்க்கும் மண்டபத்தின் பின்னறையில் சங்கம் கூடியது. புதிய நிகழ்ச்சியைப் பற்றி ரசிகர்களின் கருத்தைக் கேட்பதாக ஏற்பாடு. சங்கத்தின் தலைவி ஒரு ஜேர்மன் பெண்மணி, இளமையில் அதே குழுவில் பியூகிள் வாசித்தவர். அவர் விவரத்தை வாசித்தார். சுரங்கத் தொழிலாளர் பாட்டு நீக்கப்படுகிறது. அதற்குப் பதிலாகத் தவிலின் சொற்கட்டுகளைக் கொண்டு, ஏழு எண்ணிக்கையில், மேளங்களுக்கென நீண்ட இறுதிப் பகுதி ஒன்று.

நான் எழுந்தேன். அணிவகுப்பு என்பது நடை. நடை என்பது இரண்டு. இரண்டு காலுள்ள மனிதர் ஏழில் நடக்க இயலாது என்றேன். அந்தப் பாட்டு இந்த மண்ணுக்குரியது. விருந்தினராக வந்த நாம் வீட்டுக்காரரின் விளக்கை அணைக்கலாகாது என்றும் சொன்னேன்.

தலைவி சிரித்தார். "விளக்கா? என் கல்யாணத்திலும் அந்தப் பாட்டு, மாமனாரின் சவ அடக்கத்திலும் அந்தப் பாட்டு. இரண்டுக்கும் ஒரே ஆட்கள் ஒரே இடத்தில்தான் பிழைவிட்டார்கள். எனக்கு அலுத்துவிட்டது."

"ஏழு வரைக்கும் எண்ணினால் என் முழங்கால் ஐந்திலேயே ஓய்வூதியம் கேட்கும்," என்றார் பக்கத்தில் பியருடன் இருந்த ஒரு பெரிய மனிதர். "ஆனால் நடக்கப்போவது நான் இல்லையே. பிள்ளைகள் நடக்கட்டும்."

நண்பர் தமிழில் என் காதோடு சொன்னார். "அண்ணை, நீங்கள் ஜேர்மன்காரரைவிடப் பெரிய ஜேர்மன்காரராய் நிக்கிறியள். அவையளே விடுகினம், நீங்கள் ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"நீர் உம்முடைய மகனுக்காகக் கதைக்கிறீர்," என்றேன்.

"ஓம், வேற ஆருக்காகக் கதைக்கிறது? என்ர பிள்ளையெல்லோ. ஒருக்காக் கேட்டுப்பாருங்கோ. கேளாமலே ஏலாது எண்டால்?"

"கேட்டுத்தான் தெரிய வேண்டுமென்றில்லை. கணக்கே சொல்லும்."

"கணக்கு விடை சொல்லும் அண்ணை. வாசிச்சுக் காட்டாது."

கையுயர்த்தச் சொன்னார்கள். பழைய பாட்டுக்காக உயர்ந்தது என் கை மாத்திரம். தோற்ற பின்னர் அங்கே உட்கார்ந்திருப்பது என் நிலைக்குப் பொருந்தாது என்று கருதினேன். கோட்டை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முறைப்படி வணக்கம் சொல்லிவிட்டு ட்ராமில் வீடு திரும்பினேன். கூட்டம் அதன் பின்னரும் நடந்திருக்கிறது.

கோடையின் முதலாவது போட்டி நாள் வந்தது. ஹோர்ன் வழமைபோல் இரண்டு முறை ஒலித்தது. ரோல்ஸ் பொதி வழமைபோல் மடியில். பாதையில் நண்பர் மகனைப் பற்றியே பேசினார். பெடியன் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லையாம். காலையில் தேநீரில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, உப்பென்று தெரியாமலே போய்விட்டானாம்.

"நீங்கள் தட்டினால் காணும் அண்ணை," என்றார். "புள்ளி போடுறவை என்னத்தையும் போடட்டும். அவன் உங்களைத்தான் பாப்பான்."

"தட்டுவது என் கடமை," என்றேன்.

குழு புல்தரைக்கு வந்தது. நண்பரின் பையன் திடலின் ஓரத்தில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நின்றான். முற்பகுதி எனக்குப் பழகிய பாணியில் இருந்தது. பின்னர் ஏழு தொடங்கியது. சைட் டிரம்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலைபோல் பேச, பேஸ் டிரம்கள் கீழே நின்று பதில் கூறின. அவர்கள் நடந்தார்கள். ஒரு சுற்றில் இடக்கால் தொடங்கியது, மறு சுற்றில் வலக்கால். இரண்டு சுற்றில் கணக்கு நேராகிவிடுகிறது. கூட்டத்தில் நான் சொன்ன கணக்கு பிழையானது. அதை இங்கே பதிந்துவிடுகிறேன்.

வேகம் கூடியது. குழு முழுவதும் ஒரு வட்டமாகச் சுருங்கி, உட்பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றது. டிரம் மேஜரும் முதுகையே காட்டினார். ஒரே அடியில் எல்லா மேளங்களும் நின்றன.

மௌனம்.

அந்த மௌனத்தை நான் அறிவேன். பல கோடைகள் அதற்காகவே அந்த வாங்கில் அமர்ந்திருக்கிறேன். அதன் மறுபக்கத்தில் ஒரு பியூகிள் இருக்கும். பையன் மனம்மாறி, தன் இசைக்குப் பின்னால் பழைய பாட்டையும் வைத்திருக்கிறான் என்று எண்ணினேன். நல்ல தீர்மானம் என்றும் எண்ணினேன். டிரம் மேஜர் திரும்பவில்லை. சல்யூட் வரவில்லை. கைகளை முழங்கால்களில் வைத்தபடி காத்திருந்தேன்.

என்னைச் சுற்றியிருந்த நீலத் திரளும் காத்திருந்தது. தொலைவில் சிலர் தட்டத் தொடங்கி, எங்கள் பக்கம் அசைவில்லாததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். வட்டத்தில் நின்ற ஒரு சிறுமி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். பையன் என்னைப் பார்த்தான். அவனுடைய கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னே வந்து தொங்கின. ஒலிபெருக்கி அடுத்த குழுவின் பெயரைச் சொல்லிற்று. பிள்ளைகள் மேளங்களை இறுகப் பிடித்துக்கொண்டு, கைதட்டு எதுவுமின்றித் திடலைவிட்டு வெளியேறினார்கள்.

திரும்பும் வழியில் நண்பர் நெடுஞ்சாலையில் வெகுதூரம்வரை வலது ஓரமாகவே காரை ஓட்டினார். பின்னர் சொன்னார்.

"ஒரு கை தட்டியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருக்கும் அண்ணை?"

என்ன நடந்ததென்று எனக்கே அப்போது விளங்கியிருக்கவில்லை. பியூகிளை யாரோ தவறவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ர பிள்ளைக்கு நான் கைதட்டேல்லை," என்றார். "பக்கத்தில இருந்தனான். உங்களையே பாத்துக்கொண்டிருந்தனான். முதல் கை உங்கடை எண்டு மரியாதை வச்சு இருந்தனான். அவன் தகப்பனைப் பாக்கேக்கை தகப்பன் உங்களைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

என் வீட்டு வாசலில் கார் நின்றது. மிஞ்சிய ரோல்ஸை அவர் வழக்கம்போல் என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் தலைவி தொலைபேசியில் அழைத்தார். முதல் கைதட்டு என்ற வழக்கத்தைச் சங்கம் கைவிடத் தீர்மானித்திருப்பதாகவும், அவரவர் விரும்பிய நேரத்தில் தட்டலாம் என்றும் மிகவும் கனிவாகச் சொன்னார். பிறகு தயங்கினார்.

"உங்களுக்கு அந்த இசை பிடிக்காதென்று தெரியும். ஆனால் பிள்ளைகள் மேல் அதைக் காட்டியிருக்க வேண்டாம். கூட்டத்தின் முடிவில் தெளிவாகச் சொன்னோமே. இனிச் சல்யூட் இல்லை, முதுகு காட்டி மேளம் நின்றதும் நிகழ்ச்சி முடிந்தது, அப்போதே முதல் கை என்று. நீங்கள் எழுந்து போய்விட்டதால் உங்கள் நண்பர் சொல்லியிருப்பார், இல்லையா?"

நண்பர் சொல்லவில்லை. தலைவியே எனக்கு அறிவித்திருப்பார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நண்பரே சொல்வார் என்று தலைவி நினைத்திருந்தார். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் திரளில் இருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்த ஒன்றை, அந்தத் திரளை நடத்தியவன் மாத்திரம் அறிந்திருக்கவில்லை. கடுமையானவன் என்ற பெயருடன் ஒரு மனிதன் வாழலாம். நிகழ்ச்சி முடிந்ததுகூடத் தெரியாமல் திரளின் நடுவில் குந்தியிருந்த கிழவன் என்ற பெயருடன் வாழ்வது வேறு.

"ஓம், தெரியும்," என்றேன்.

அவர் "அப்படியானால் சரி," என்று வைத்துவிட்டார்.

அடுத்த போட்டி நாளில் ஹோர்ன் ஒலிக்கவில்லை. நான் காலையிலேயே சப்பாத்தும் கோட்டும் அணிந்து, கழுத்துத் துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டு, ஜன்னலோரக் கதிரையில் இருந்தேன். கீழே கார்கள் வந்து நின்றன, போயின. மத்தியானம் கழிந்ததும் கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டேன். அன்று ஞாயிறாகையால் மகள் அழைத்தாள். "சாப்பிட்டாச்சோ அப்பா?" "ஓம்."

ஒத்திகை நாட்களில் சில வேளைகளில் ட்ராமில் மண்டபத்தின் தரிப்பிடம்வரை போவதுண்டு. இறங்கி அங்கேயே வாங்கில் அமர்ந்திருப்பேன். மதிலுக்கு அப்பால் அந்த ஏழு நன்றாகக் கேட்கும். சைட் டிரம் வரிசையில் மூன்றாமவர் சற்று முந்துகிறார். வாரத்துக்கு வாரம் திருந்திவருகிறார். இதைக் கேட்பதற்கு எவருமில்லை. ஒரு மாலை பையன் மண்டபத்திலிருந்து வெளியே வந்து, என்னைக் கண்டு, தெருவுக்கு மறுபக்கத்தில் நின்றான். "மாமா," என்றான். நான் தலையசைத்தேன். அவன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ட்ராம் வந்து இடையில் நின்றது. அது என்னுடைய ட்ராம். ஏறிக்கொண்டேன்.

கடைத்தெருவிலும் கோயிலிலும், நான் தவிலை வெறுத்து, ஒரு தமிழ்ப் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பொறாமல், திரள் முழுவதையும் மௌனத்தில் கட்டிவைத்து எதிர்ப்புக் காட்டியதாக இப்போது சொல்லப்படுகிறது. நண்பரும் அப்படியே நம்புகிறார் என்று அறிகிறேன்.

அது பிழை. நான் எதிர்ப்புக் காட்டவில்லை. சல்யூட் நீக்கப்பட்டது எனக்குத் தெரியாது. தலைவியிடம் தெரியும் என்று சொன்னது உண்மையல்ல. நான் சல்யூட்டுக்காகக் காத்திருந்தேன்.