காலால் மிதிக்கிற மோட்டார்

அந்த வண்ணக் காகிதத்தில் மூன்று மோட்டார்களின் படம் இருந்தது. தூத்துக்குடிக் கடைக்காரர் கொடுத்துவிட்டது. மூன்றும் பேட்டரியில் ஓடுகிறவை. சின்ன மீன்பிடிப் படகில் மாட்டிவிட்டால் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போகும். இரண்டுக்குக் கைப்பிடி, ஒன்றுக்குக் கால்மிதி. என் மூத்த கொழுந்தனார் கைப்பிடி மோட்டாரின் மேல் விரலை வைத்து, “இதான்” என்று முடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஒரு கைதான் இருந்தது.

இன்னொரு கை எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பிறவி மீன்காரர். இருக்கன்குடிப் பக்கத்து அணையில் துடுப்புப் போட்டு வலை விரிப்பார். தண்ணீர் வற்றிய ஒரு வருடம், விஸ்வநத்தத்தில் அண்ணன் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனிக்குக் கூலிக்குப் போனார். தீபாவளி சீசன். உச்சி வெயிலில் காயப்போட்ட சரக்கைத் தொடக்கூடாது என்பது அங்கே நண்டுசிண்டுக்கும் தெரியும். “லோடு நிக்குதுலே, அள்ளு” என்றார் போர்மேன். அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பி அள்ளினார். சரக்கு வெடித்து வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, “அவன் நேரம் சரியில்ல” என்றார் அந்த மனுஷர். அன்றைக்கே அவரை நான் மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறு வருடம் அணை நிறைந்தது. ஒரு கையால் துடுப்புப் போட முடியாது, மோட்டார் இருந்தால் தம்பி பிழைத்துக்கொள்வான் என்று அவரே வாங்கித்தர முன்வந்தார். அதற்காகப் பூரித்துப் போவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் பத்தாவது படித்தவள், காகிதத்தைப் படித்துப் பார்த்து, “கால்மிதி உள்ளதை வாங்குங்க அத்தான். இருக்கிற கை வலைக்கு வேணும்” என்றேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தொழில் பண்ற சாமானைக் காலால மிதிக்கவாலே? வெளங்குமா? வெடிமருந்துச் சல்லடைல கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுற வம்சம் நம்மது” என்று தம்பியிடம் சொன்னார். தம்பி தலையை ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சல்லடைக்கு இருந்த மரியாதை தம்பி கைக்கு இல்லாமல் போனதே என்று கேட்க வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கைப்பிடி மோட்டாரே வந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி அணைக்கு அனுப்பினார் கொழுந்தனார். வலையை இழுக்கக் கைப்பிடியை விட்டால் காற்று படகைத் திருப்பிவிடும். கைப்பிடியைப் பிடித்தால் வலையை இழுக்க ஆளில்லை. பத்து நாள் மல்லுக்கட்டினார் என் வீட்டுக்காரர். பதினோராம் நாள் வலை போய் மோட்டாரின் விசிறியில் சுற்றிக் கந்தலாயிற்று. வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாமென்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். கை போனபோதுகூட அவர் அப்படிப் படுக்கவில்லை.

இரண்டாம் நாளே வந்து நின்றார் கொழுந்தனார். “மோட்டார்ல ஒரு குத்தமும் இல்ல. இவனுக்குக் கைவாகு போயிருச்சு. கம்பெனி கேட்ல காவலுக்கு உக்காரட்டும்.” கையைத் தின்ற கம்பெனியின் வாசலிலேயே என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவனுக்கெல்லாம் சலாம் வைக்க வேண்டுமாம். இனியும் பேசாமல் இருந்தால் நான் மனுஷியில்லை.

“நீங்க ஒத்தைக் கையால வலையை இழுத்துக் காட்டுங்க அத்தான். காட்டிட்டா நாளைக்கே அவுகளைக் காவலுக்கு அனுப்புறேன். காட்டாட்டா மோட்டாரை மாத்தித் தரணும்.”

“சரி. இது என்ன பெரிய வித்தையா?” என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

மூன்று பேரும் படகில் ஏறினோம். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தார். கொழுந்தனாரின் வலது கையை அவருடைய துண்டாலேயே முதுகோடு சேர்த்துக் கட்டினேன். கொஞ்சம் இறுக்கித்தான் கட்டினேன், பொய் சொல்வானேன். அணையில் மிச்சமிருந்த வலை கிடந்த இடத்துக்குப் போகும்வரை மிடுக்காகத்தான் இருந்தார். வலையில் கை வைத்ததும் காற்று படகைச் சுழற்றியது. வலையை விட்டுக் கைப்பிடியைப் பிடித்தார், வலை நழுவியது. வலையைப் பிடித்தார்; படகு வலைமேலேயே ஏறப் போனது. வேர்த்து ஊற்றியது அவருக்கு. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் முறை படகு சாய்ந்தபோது, அவர் யோசிக்கக்கூட இல்லை. இடது கை வலையில் இருக்க, வலது கால் தானாக எழுந்துபோய்க் கைப்பிடியை மிதித்து நிறுத்தியது. படகு நேரானது. வலை கைக்கு வந்தது.

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். இப்போதாவது அந்த வார்த்தை வரும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவர் வலையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து, கால் பட்ட கைப்பிடியை இடது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “தெரியாம மிதிச்சுட்டேன், மன்னிச்சிரு தாயே” என்றார்.

மோட்டாரை மாற்றித் தந்தார், சொன்ன சொல் தவறவில்லை. இன்றைக்கு என் வீட்டுக்காரர் காலால் ஓட்டிக்கொண்டு தனியாகவே போய்த் தனியாகவே வருகிறார். அண்ணனைப் பற்றி நான் வாயெடுத்தால், “விடு தாயி, வயசாயிருச்சு” என்கிறார். விட முடியவில்லை. மோட்டாரிடம் கேட்ட மன்னிப்பை, மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த தம்பியிடம் அந்த மனுஷர் இதுவரை கேட்கவில்லை.