மூன்றாவது முறை வந்த ஆள்

பணிமனையில் அவருக்குப் பெயரே 'டைம் டிரைவர்'. பஸ்ஸை எடுத்தால் நோட்டில் நேரம் எழுதுவார், நிறுத்தினால் நேரம், பக்கத்திலேயே கண்டக்டர் கையெழுத்து. இருபத்திரண்டு வருடப் பழக்கம். விபத்தில் முதுகு நொறுங்கி, இயலாமை ஓய்வூதியத்தில் வீட்டுக்கு வந்த பிறகும் அது விடவில்லை.

உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று ஒரு மருந்துக்கடைக் கல்லாவில் சேர்ந்தார். சம்பளம் வந்தால் ஓய்வூதியம் குறையும். தெரிந்துதான் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். குறைக்கவில்லை. மூன்று முறை கொடுத்தார். நான்கு வருடம் கழித்து ஓலை வந்தது: 'வேலையை மறைத்து அதிகம் பெற்றுள்ளீர். முழுவதையும் திருப்பிக் கட்டவும்.' கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. அதே ஆள்! அன்று ஜன்னலில் உட்கார்ந்து கடிதம் வாங்கிய குமாஸ்தா, இன்று அதிகாரி.

"பாதி கட்டினா விட்டுடறோம்னு சொல்றாங்கல்ல? கட்டித் தொலைங்க. வீடாவது மிஞ்சும்," என்றாள் மனைவி.

"திருடன்னு எழுதியிருக்கான்டி. அவன் வாயாலயே இல்லைன்னு சொல்ல வைக்கல..."

"பல்லை நறநறன்னு கடிக்காதீங்க. இருக்கறதே நாலு."

மேல்முறையீட்டு விசாரணை மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. கம்பை ஊன்றி, படிக்குப் படி அந்த ஆளைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

"இவர்கிட்டருந்து கடிதமே வரலம்மா," என்றார் அதிகாரி, விசாரணை நடத்திய அம்மாளிடம்.

டிரைவர் மெதுவாகக் கேட்டார். "ஒண்ணுகூடவா சார்?"

"ஒண்ணுகூட இல்ல."

"என்னைப் பாத்திருக்கீங்களா?"

"இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இதற்காகத்தான் காத்திருந்தார் மனுஷன்! பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் கடிதத்தின் நகல் ஒன்றை எடுத்து நீட்டினார். "அவரையே படிக்கச் சொல்லுங்கம்மா. சத்தமா."

அதிகாரியின் முகம் வெளிறியது. அன்று டிரைவர் நேரம் போட்டுக் கையெழுத்து கேட்டதற்கு எரிச்சலில் அவர் அதன் அடியில் கிறுக்கிக் கொடுத்திருந்தார். படித்துவிட்டு ஜன்னலுக்கு உள்ளே எல்லாரும் சிரித்திருந்தார்கள்.

"காலை பதினொன்று இருபது. வேலைக்குச் சேர்ந்ததாக... மூன்றாவது முறை வந்து கடிதம் கொடுத்து உயிரை எடுக்கிறார். பெற்றுக்கொண்டேன்."

"கையெழுத்து யாரோடது?" என்றார் அந்த அம்மாள்.

"என்னோடது."

"கேக்கல சார்," என்றார் டிரைவர்.

"என்னோடதுதான்!"

ஒரு காசு திருப்ப வேண்டாம், தவறு அலுவலகத்துடையது, 'மறைத்து' என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று உத்தரவானது.

படிக்கட்டில், கூட வந்திருந்த மனைவி பிடித்துக்கொண்டாள். "கையில வச்சிக்கிட்டா என்னை அழ வச்சீங்க? முதல்லயே தபால்ல அனுப்பியிருக்கலாமே!"

"அனுப்பினா அந்த மூஞ்சிய யார் பாக்கறது?"

பின்னாலேயே அதிகாரி ஓடி வந்தார். "ஐயா, தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சிடுங்க. மேல புகார் எதுவும்..."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார்.

"எழுதிக் குடுங்க. நேரம் போட்டு, கையெழுத்தோட."