கூட்டிச் சொல்லாதவள்

"நாளைக்கு மழை வருமா?" என்று என் மனைவியிடம் கேட்டால் "வரலாம்" என்பாள். பல்கலைக்கழகத்தில் வானிலைப் பாடம் நடத்துகிறவள், பினாங்கின் மழையையும் வெப்பத்தையும் வருடக்கணக்காக அலசுகிறவள். அவளுக்கே "வரலாம்"தான். துணி காயப்போடுவதா வேண்டாமா என்று தலையைச் சொறிவது என் வேலை.

இந்தக் குணத்தின் மேல் எனக்கு ஒரே ஒரு நாள் கடுங்கோபம் வந்தது. எங்கள் மகள் படிக்கும் ஜெலுத்தோங் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கக் கூட்டத்தில்.

பள்ளியில் ஆண்டுதோறும் போட்டி விளையாட்டு நடக்கும். சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைத்தால்தான் ஓட்டம். விருந்தினர் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர். எங்கள் ஊர்ப் பேச்சில் ஒய்.பி. சனிக்கிழமையானால் அவருக்கு ஊரெல்லாம் நிகழ்ச்சி. திடலுக்கு வந்து சேரும்போது பதினொரு மணியாகிவிடும். அதுவரை பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். போன வருடம் அப்படி நின்றபோதுதான் என் மகள் சுருண்டு விழுந்தாள். மருத்துவமனையில் அவள் கண் திறக்கும்வரை நான் அழுதுகொண்டே இருந்தேன். இந்த வருடமும் ஓடியே தீருவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

அதனால் மனைவி கூட்டத்தில் எழுந்து, "உலகமே சூடாகி வருஷா வருஷம் வெயில் ஏறிக்கிட்டே போகுது. காலையில ஏழரைக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிச்சிருவோம். யாருக்காகவும் பிள்ளைங்க காத்திருக்க வேணாம்" என்றாள்.

சங்கத் தலைவர் கார்ப் பட்டறை வைத்திருப்பவர். கட்சிக் கிளைக்கும் அவர்தான் தலைவர். நல்ல மனிதர், ஆனால் குரலைத் திறந்தால் மூடத் தெரியாது.

"நம்ம காலத்துல வெயில் இல்லையா தங்கச்சி? நாம நிக்கலயா? இந்த உலக வெப்பம் எல்லாம் வெள்ளக்காரன் கட்டுன கதை லா. அவன் நூறு வருஷம் பேக்டரி ஓட்டிட்டு, இப்ப நம்மள மூடச் சொல்றான்."

சிலர் கை தட்டினார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவள் நிதானமாக இருந்தாள்.

"யார் அதிகமாப் புகை விட்டாங்க, யார் செலவு ஏத்துக்கணும்னு சண்டை போடுங்க அண்ணே. அது அரசியல். அதுல உங்க பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா சூடு ஏறுதா இல்லயான்னு கட்சி பாத்துச் சொல்ல முடியாது. சூரியனால ஏறுதுன்னா மேல் வானமும் சூடாகணும். அங்க குளிருது, கீழதான் ஏறுது. காத்துல கூடிப்போன கரியமில வாயுவும் நிலக்கரி, எண்ணெய் எரிச்சதுல வந்ததுன்னு அதுல இருக்கிற கரியிலயே அடையாளம் இருக்கு."

ஆஹா, விழுந்தார் மனிதர் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலைவர் லேசுப்பட்டவரா?

"அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் உங்க மக மயங்கி விழுந்தது அந்த உலக வெப்பத்தாலதான்னு அடிச்சுச் சொல்வீங்களா? ஆமாவா, இல்லையா?"

'ஆமா' என்று சொல்லித் தொலையேன்! ஒரு சொல். அதோடு காரியம் முடிந்தது. நான் அவள் புடவையைப் பிடித்து இழுக்காத குறை.

"சொல்ல முடியாது அண்ணே" என்றாள்.

தலைவர் இரண்டு கைகளையும் விரித்தார். "கேட்டீங்களா! படிச்சவங்களே சொல்லிட்டாங்க!" மண்டபமே சிரித்தது. பெற்ற மகளைவிட உனக்கு உன் படிப்புப் பெரிதா என்று நான் பல்லைக் கடித்தேன்.

சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். "ஒருநாள் இருமல் சிகரெட் பிடிச்சதாலதான்னு எந்த டாக்டரும் சத்தியம் பண்ண மாட்டாரு. அடிக்கடி பிடிச்சா அடிக்கடி இருமுவோம்னு சொல்வாரு. எனக்குத் தெரிஞ்சதும் அவ்வளவுதான். இந்த மாதிரி வெயில் நாள் கூடிக்கிட்டே போகுது, இன்னும் கூடும். அதை அடிச்சுச் சொல்வேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். புக்கிட் தெங்கா தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தார்.

"அண்ணே, பெத்த பிள்ளை விழுந்திருக்கு. அதுக்குக்கூட இவங்க ஒண்ணும் கூட்டிச் சொல்லல. அப்ப மத்தது மட்டும் எதுக்குக் கூட்டிச் சொல்லப்போறாங்க? எனக்கு ஏழரை மணி ஓகே."

முதலில் பெண்கள் கை தூக்கினார்கள். ஆண்கள் தங்கள் மனைவிமார் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். தலைவர் கடைசிவரை தூக்கவில்லை. ஆனாலும் ஏழரை என்று தீர்மானமாயிற்று. அவள் மேல் பல்லைக் கடித்த வெட்கத்தில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று பெருமையாகவும் இருந்தது.

போட்டி நாளில் மகள் நூறு மீட்டர் ஓடிக் கடைசியாக வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் குடிக்க மைலோ கேட்டாள். பத்து மணிக்குப் பிள்ளைகளெல்லாம் மண்டபத்துக்குள் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். திடல் தகித்துக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்கு ஒய்.பி. வந்தார். கூட வந்த உதவியாளர் வெறும் திடலைப் பார்த்துப் பதறினார். "என்ன தலைவரே இது? பத்து நிமிஷம் பிள்ளைங்கள வெளிய வரிசையா நிக்க வைங்க. ஒரே ஒரு படம்."

மண்டப வாசலில் தலைவர் நின்றிருந்தார். கட்சியில் ஒய்.பி. அவருக்கு மேலே; பட்டறைக்கு உரிமம், பிள்ளைக்கு வேலை என்று எல்லாவற்றுக்கும் போய் நிற்க வேண்டிய இடம். தலைவர் திரும்பி உள்ளே பார்த்தார். முதல் வரிசையில் என் மகள் உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும் ஒய்.பி. பிள்ளைங்க வெயிலுக்கு வர மாட்டாங்க. நீங்க உள்ள வாங்க" என்றார் தலைவர்.

முதலில் கை தட்டியவள் என் மனைவி.