சிவனேஸ்வரி டீச்சர் ஆறு பார்க்கப் போனது

சிவனேஸ்வரி பிறந்த வேலணைத் தீவில் ஆறு கிடையாது. தண்ணீர் என்றால் அவளுக்குக் கிணறு, கொஞ்சம் தள்ளிப் போனால் கடல். இருபத்திநாலு வயதில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தபோதுதான், மலையிலிருந்து விழுந்தடித்து ஓடுகிற தண்ணீரை முதன்முதலாகப் பார்த்தாள். ரயில் பாலத்தில் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாளாம்.

அவளைக் கட்டிய துரைராசா இதற்கு நேர் எதிர். ஹட்டனில் ஒரு கந்தோரில் கிளாக்கர். படம் பிடிப்பதென்றால் சோறு தண்ணி வேண்டாம். 1959 ஆவணியில் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும், "நோட்டன் பிரிட்ஜுக்குப் போற வழியிலை ஆத்தங்கரையிலை ஒரு வாடி வீடு இருக்கு. மூண்டு நாள் நிண்டிட்டு வருவம்" என்றார். கல்யாணமாகி நாலு மாதம்தான். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வாடி வீடு காட்டுச் சரிவில் இருந்தது. கீழே ஆறு கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். முதல் இரவு அவள் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. காலையில் குசினியில் சமைக்க வந்த பேச்சியம்மா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறவள்.

"சத்தத்துக்குப் பயப்படாதீங்க டீச்சரம்மா. ஆனா மேல டிக்கோயா பக்கம் மழை பெஞ்சா இங்க வெயிலடிச்சாலும் தண்ணி வந்துரும். அதுக்குத்தான் பயப்படணும்."

துரைராசா சிரித்தார். "வானத்தைப் பாருமப்பா, ஒரு முகில் இல்லை."

பத்து மணிக்கு மூன்று பேரும் இறங்கினார்கள். பேச்சியம்மா கையில் தேத்தண்ணிப் போத்தல். இரண்டு கரையிலும் காடு; நடுவில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே தண்ணீர் கண்ணாடி மாதிரி நழுவிக்கொண்டிருந்தது. அக்கரைப் பக்கமாக, யானை படுத்ததுபோல ஒரு பெரிய பாறை. அங்கே நின்றால் மேலே விழுகிற அருவி முழுதாகத் தெரியும் என்று துரைராசா செருப்பைக் கரையோரக் கல்லில் கழற்றி வைத்துவிட்டு, கல் கல்லாகத் தாவிப் போய்விட்டார். சிவனேஸ்வரி ஒரு மர வேரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலில் அட்டை ஏறியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

முதலில் வந்தது சருகு. நுரையோடு சேர்ந்து சருகும் சுள்ளியுமாக மிதந்து வந்தன. அப்புறம் பார்த்தால் செருப்பு இருந்த கல்லைக் காணோம். ஒற்றைச் செருப்பு சுழன்று சுழன்று கீழே போய்க்கொண்டிருந்தது. தண்ணீரின் நிறம் செம்மண்ணாகிவிட்டது.

"டீச்சரம்மா, தண்ணி வருதுங்க! ஐயாவக் கூப்பிடுங்க!" என்று பேச்சியம்மா அலறினாள்.

"இஞ்சருங்கோ! வாங்கோ! ஓடி வாங்கோ!" சிவனேஸ்வரி தொண்டை கிழியக் கத்தினாள், ஒரு கையால் வேரைப் பிடித்தபடி மற்றக் கையை வீசினாள். இரைச்சலில் ஒரு சொல்லும் அங்கே போய்ச் சேரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தபடி தானும் கையை ஆட்டினார். பிறகு கமராவைத் தூக்கி, கத்திக்கொண்டிருக்கிற அவளை ஒரு படம் எடுத்தார்.

அவர் கமராவைக் கீழே இறக்கியபோது தாவி வந்த கல் ஒன்றுமே இல்லை.

"ஆளுங்கள கூட்டியாறேன். எங்கயும் போயிராதீங்க!" பேச்சியம்மா சேலையைச் செருகிக்கொண்டு மேலே ஓடினாள். லயத்துக்குப் போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

அந்த ஒரு மணி நேரம் சிவனேஸ்வரி தனியாக இருந்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பாறை கட்டில் அளவாயிற்று, பிறகு பாய் அளவாயிற்று. மாமியாருக்கு என்னவென்று தந்தி அடிப்பது என்று மனம் தன்பாட்டில் சொற்களைத் தேடியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஓடிப் போய்விடலாமா என்றும் ஒருகணம் தோன்றியது. பார்க்காமல் இருந்தால் போதும்.

அப்போது துரைராசா சட்டையைக் கழற்றினார். குதிக்கப் போகிறார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கிணற்றடியில் குளித்து வளர்ந்த மனுஷன், நீந்தத் தெரியாது.

வேரை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். வகுப்பில் எழுந்து ஓடுகிற பிள்ளைகளை அடக்குவது போல வலது உள்ளங்கையை நீட்டி, கீழே அழுத்திக் காட்டினாள். இரு. மறுபடியும் காட்டினாள். இரு. அவர் அக்கரையைக் காட்டினார், தண்ணீரைக் காட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கையை இன்னும் கீழே அழுத்தினாள். கடைசியில் அவர் உட்கார்ந்தார். பாறையின் விளிம்பைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். கையைக் கீழே போட்டால் எழுந்துவிடுவாரோ என்று பயந்து, தோள் மரத்துப்போகும்வரை அவள் அப்படியே நின்றாள்.

பேச்சியம்மாவின் புருஷன் மூக்கனும் இன்னும் மூன்று பேரும் மரம் இழுக்கிற கயிற்றோடு வந்தார்கள். வந்தும் உடனே இறங்க முடியவில்லை. "தண்ணி ஏறுனது மாதிரியே இறங்கும்மா. இப்ப இறங்குனா நாங்களும் போயிருவோம்" என்றான் மூக்கன். மூன்று மணிக்குத் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்தது. கயிற்றை மரத்தில் கட்டிக்கொண்டு மூக்கன் போய் அவரைக் கூட்டி வந்தான். கரையேறிய துரைராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பல் கிட்டித்துப்போயிருந்தது. பேச்சியம்மா இரண்டு பேர் காலிலிருந்தும் அட்டையைப் பிடுங்கிப் போட்டாள்.

மூன்று நாளும் முழுதாக அவர்கள் தங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே திரும்பினார்கள். படங்கள் கழுவி வந்தபோது, தான் கத்துகிற படத்தை மட்டும் அவள் அடுப்பில் போட்டாள். துரைராசா வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார். அவர் தொடங்கியதும் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு, தோட்டத்தின் மேல் பகுதியான மேற்கணக்கிலிருந்து பிள்ளைகள் ஒரு சின்ன ஓடையைக் கடந்து வரவேண்டும். அதன் பிறகு, மேலே மலையில் மப்புக் கட்டினாலே அவள் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு விடமாட்டாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய்மார் வந்து கூட்டிப் போகும்வரை வகுப்புக்குள்ளேயே வைத்திருப்பாள்.

"இந்தப் பிள்ளையள் பிறந்ததே ஓடைக்குள்ளைதான் டீச்சர். அதுகளுக்கென்ன பயம்?" என்று தலைமையாசிரியர் ஜெயரத்தினம் சலித்துக்கொள்வார்.

"அதுகளுக்கில்லை சேர், எனக்குத்தான் பயம்" என்பாள். கதவைத் திறக்கமாட்டாள்.