தவளை நம் பங்காளி

எலும்பு அறைக்கு அவள் வந்தது தவறுதலாகத்தான். அருங்காட்சியகத்தில் தட்டச்சர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். சேர்ந்த அன்றே, "கீழ்த்தளத்து ஆள் இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்காரு, ரெண்டு வாரம் மட்டும் சாவியைப் பார்த்துக்கம்மா" என்று ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். அந்த இரண்டு வாரம் இருபத்து மூன்று வருடமாக நீண்டுவிட்டது. வாசல் காவலர் முதல் தரை துடைக்கும் பெண் வரை எல்லோருக்கும் இப்போது அவள் எலும்பக்கா.

செத்த விலங்கு வந்து சேர்ந்தால் தோலை உரித்து, சதையைச் சீவி, மிச்சத்தை வண்டுப் புழுக்கள் இருக்கும் பெட்டிக்குள் வைத்து மூடுவாள். புழுக்கள் தின்று முடித்ததும் எலும்புகளைக் கழுவி, காயவைத்து, கம்பியில் கோர்த்து நிறுத்துவாள். நாயின் மண்டையோடு சமர்த்து; ஏறக்குறைய ஒரே துண்டாகக் கைக்கு வந்துவிடும். மீன் தலை அப்படியா? நூற்றுச் சொச்சம் சில்லுகள், ஒன்று போலவே இன்னொன்று. ஒரு கெளுத்தித் தலையை அவள் கோர்த்து முடிக்க மூன்று மாதம் பிடித்தது. முடித்த அன்று யாரோ ஜன்னலைத் திறக்க, காற்றில் கதவு அறைய, தலை பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றைக்கு அவள் பேசிய பேச்சில் மாடியில் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆனாலும் அவளை எரிச்சலூட்டியதெல்லாம் உயிருள்ளவர்கள்தான். வேலை என்னவென்று தெரிந்த அடுத்த நிமிடம் எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். நாத்தனார் வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்பாள்.

"ஏன் அண்ணி, குரங்குலேருந்து மனுஷன் வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் இருக்கு?"

"உங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல? நீங்க பொறந்ததும் அவரு காணாமப் போயிட்டாரா?"

"அவரு எதுக்கு காணாமப் போகணும்?"

"அதேதான்."

நாத்தனார் தலையை ஆட்டுவாள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்பாள்.

இப்படி இருக்கையில்தான் புதிய அதிகாரி வந்தார். அதற்கு முன் குடிநீர்க் குழாய்களை நிர்வகித்தவர். முதுகெலும்புள்ள விலங்குகளுக்கென்று ஒரு கூடம் திறக்க வேண்டும், வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்று அறிவித்தார். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவள் கோர்த்தவையெல்லாம் முதல்முறையாக மேலே வெளிச்சத்துக்கு வரப்போகின்றன. கூடத்துக்குள் காலை வைத்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

நீளச் சுவரின் மேல்பாதி முழுக்க ஓவியம். இடது கோடியில் மீன். அதன் வாலுக்குப் பின்னால் தவளை, பிறகு பல்லி, எலி, குரங்கு, வலது கோடியில் கையில் தோல்பையுடன் ஒரு மனிதன். வரிசையில் நின்று எல்லோரும் ஏதோ அலுவலகத்துக்குப் போவதுபோல இருந்தது. அந்த மனிதனுக்கு அச்சு அசல் அதிகாரியின் முகம்.

"எப்படி மேடம்? மீன்ல ஆரம்பிச்சு மனுஷன்ல முடியுது. சின்னக் குழந்தைக்கும் புரியும்."

"புரியும் சார். தப்பாப் புரியும்."

"என்ன தப்பு?"

"இந்தத் தவளை நமக்குப் பங்காளி சார். பங்காளி படத்தை மாட்டி இவர்தான் என் பாட்டன்னு சொல்வீங்களா? பல்லியும் நம்ம வம்சமும் பாகம் பிரிச்சு முப்பது கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. பல்லி எலியாகவே இல்ல. அது பல்லியாத்தான் வந்துச்சு, நாம நாமளா வந்தோம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தர் இருந்தார், அவர் இப்ப இல்ல."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவு எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. எலும்புகளை இதே வரிசையில நிறுத்திடுங்க." சொல்லிவிட்டு இரண்டு நாள் வெளியூர்க் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவள் அப்படியே ஏணியடியில் உட்கார்ந்தாள். ஏணிமேல் நின்று அந்த ஓவியத்தைத் தீட்டிக்கொண்டிருந்த பெயிண்டரும் தூரிகையைக் கீழே வைத்தார். அறுபதை நெருங்கியவர், பேச்சுத் துணை கிடைத்ததில் அவருக்கு நிம்மதி.

"எனக்கும் போதும் போதும்னு ஆயிருச்சும்மா. மூக்கை எடுப்பாப் போடுன்னு மூணு தடவை அழிக்க வச்சாரு. இனி சுவரை வெள்ளையடின்னு நீ சொன்னா, இதுலயே முட்டிக்குவேன்."

"மூக்கு அப்படியே இருக்கட்டும்ணே. எதையும் அழிக்க வேணாம். கீழ்ப்பாதி காலியாத்தானே இருக்கு?"

"காலிதான்."

"அதுல ஒரு மரம் வேணும்."

அவள் சுண்ணக்கட்டி எடுத்துத் தரையிலேயே வரைந்து காட்டினாள். அடியில் ஒரே தண்டு. முதல் பிரிவில் ஒரு கிளை மேலேறி மீனின் வயிற்றுக்குக் கீழே முடியும். அடுத்த பிரிவில் ஒன்று தவளைக்கு, அதற்கடுத்து ஒன்று பல்லிக்கு. மிச்சம் எலிக்கும் குரங்குக்கும் மனிதனுக்கும். யாரும் யாருக்கும் பின்னால் நடக்க வேண்டாம். அவரவர் கிளை நுனியில் அவரவர் நிற்கலாம். பெயிண்டர் தாடையைச் சொறிந்தபடி வெகுநேரம் தரையைப் பார்த்தார்.

"அப்ப இவரும் எலியும் ஒரே உயரமா?"

"ஒரே உயரம்தான்."

அவர் முகம் மலர்ந்தது. அப்போதே பழுப்பு நிறத்தைக் கலக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை காலை திரும்பிவந்த அதிகாரியின் குரல் கீழ்த்தளம் வரை கேட்டது. அவள் படியேறி வருவதற்குள் காகிதம் தயாராக இருந்தது. "மேலிடத்து அனுமதி பெறாமல் பரிணாமத்தை மாற்றியமைத்தது ஏன் என்பதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவும்."

இரண்டு முறை படித்தாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பழைய தட்டச்சர் அல்லவா, அன்றே பதினோரு பக்கம் அடித்துக் கொடுத்தாள். தாடையில்லாத மீனில் தொடங்கி, துடுப்புக்குள் எலும்பு வைத்திருந்த மீன், காலூன்றிய முதல் விலங்கு, ஓடுள்ள முட்டை, ரோமம், பால் என்று ஒன்று விடவில்லை. அதிகாரி முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கோப்பில் போட்டார். மறுபடி வரைந்தால் விழாவுக்குள் பெயிண்ட் காயாது. சுவர் அப்படியே நின்றது. தன் படத்துக்கு நேர்மேலே மட்டும் ஒரு விளக்கு பொருத்தச் சொன்னார். அதைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழாவில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேருமே "மீன் மனிதனான அற்புதம்" என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். கூட்டம் கலைந்தபின் அதிகாரியின் மனைவி சுவரருகே வந்து, மனிதனின் கிளையில் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டு போனார். பல்லியின் கிளை பிரியும் இடத்தில் விரல் நின்றது.

"இங்க யாரு இருந்தாங்க? படத்தையே காணோமே?"

கடைசி வரிசையிலிருந்து அவள் வேகமாக முன்னால் வந்தாள். இருபத்து மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"கீழ வர்றீங்களா? காட்டறேன்."

எலும்பு அறையின் நாற்றத்துக்கு அந்தம்மாள் மூக்கைப் பொத்தினார். ஆனால் திரும்பிப் போகவில்லை. அவள் ஒரு பல்லித் தலையை எடுத்து, தாடை கீல்போல மாட்டும் இடத்தில் இருந்த இரண்டு எலும்புகளைக் காட்டினாள். பிறகு ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே பஞ்சின்மேல், அரிசி அளவில் மனிதக் காதின் எலும்புகள்.

"அங்க இருந்தவங்களுக்கும் தாடை இப்படித்தான் மாட்டியிருந்துச்சு. நம்ம வம்சத்துல அந்த ரெண்டு எலும்பும் சிறுத்துச் சிறுத்து இங்க வந்துருச்சு. ஒரு காலத்துல மெல்லுறதுக்கு இருந்தது, இப்ப கேக்கறதுக்கு."

அந்தம்மாள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படிக்கட்டின் மேலிருந்து அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டார்.

"நீங்க முன்னாடி போங்க. எனக்கு இன்னும் பார்க்க இருக்கு!" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு, அந்தம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் வந்தார்கள். அவள் கீழே ஒரு வௌவாலின் விரலைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். கூட வந்த ஆசிரியையின் குரல் மேலிருந்து கணீரென்று இறங்கியது: "பார்த்தீங்களா பிள்ளைங்களா, தவளைதான் பல்லியாச்சு, பல்லிதான் எலியாச்சு..."

கம்பியை வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள்.