வெள்ளிக்கிழமை ஏற்றிய மாடுகள்

இந்தப் பனி நாட்டில், ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே வாடகைக்கு எடுத்த பத்து ஏக்கரில் நானும் மனைவியும் எட்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் மாடு வளர்த்தோம். கறுப்பு உடம்பின் நடுவே அகலமான வெள்ளைப் பட்டி சுற்றிய மாடுகள். பெல்ரட் கலோவே என்று பெயர். குளிர் தாங்கும் என்று வாங்கினோம். அது இறைச்சிக்கு வளர்க்கும் இனம், பால் கன்றுக்கு மட்டுந்தான் போதும் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். மனைவி அன்றே ஒரு நிபந்தனை போட்டாள். வளர்க்கிறவர்களுக்கு மட்டும் விற்க வேண்டும், வெட்டுகிறவர்களுக்குக் கூடாது. கன்றுகளை எல்லாம் அப்படித்தான் விற்றோம்.

போன இலையுதிர் காலத்தில் நிலத்துக்காரர் காணியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். நவம்பர் முடிவதற்குள் நாங்கள் வெளியேற வேண்டும். மிஞ்சியவை மூன்று பசுக்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஏலச் சந்தைதான். அங்கே வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இறைச்சிக்காரர்கள். நவம்பர் மூன்றாம் வாரத்தில், வடக்கே பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்மணி மூன்றையும் வளர்க்கக் கேட்டார். தொலைபேசியிலேயே நாள் குறித்தேன். திகதியைத்தான் எழுதினேன். கிழமையைப் பார்க்கவில்லை.

முதல் நாள் மாலைதான் மனைவிக்குச் சொன்னேன்.

"நாளைக்கோ? நாளைக்கு வெள்ளியெல்லே!"

நாட்காட்டியைப் பார்த்தேன். வெள்ளிதான்.

"ஊர் உலகத்துத் திகதியெல்லாம் எழுதி வைக்கிறியள். வெள்ளிக்கிழமை மாட்டை ஆராவது வெளியிலை விடுவினமே?"

வெள்ளியில் பசுவை அனுப்பினால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது அவள் பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கம். அந்தப் பெண்மணியை உடனே கூப்பிட்டேன். ட்ரெயிலர் இரவல், அந்த ஒரு நாளைக்குத்தான் கிடைத்தது, முடியாதென்றால் வேறிடம் பார்க்கிறேன் என்றார்.

"அப்ப நீங்களே ஏத்துங்கோ," என்றாள் மனைவி. "நான் தொடமாட்டன்."

காலையில் எங்கள் வீடு இருக்கும் ரூஜிலிருந்து என்னோடு காரில் வந்தாள். ஆனால் பண்ணையில் காரைவிட்டு இறங்கவில்லை. முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தாள். ட்ரெயிலர் வந்தது. பசுக்கள் எனக்கு அசையவில்லை. எட்டு வருடமாகத் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் உடைத்தவன் நான்தான்; ஆனால் கையால் தீன் கொடுத்தவள் அவள். வாளியைக் குலுக்கினேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மூத்த பசு நாலு காலையும் சேற்றில் ஊன்றி நின்றது. என் வலது தோள் பழையபடி பிடித்துக்கொண்டது. வாங்க வந்த பெண்மணி பின்னால் நின்று தட்டிப் பார்த்தார். இளைய இரண்டும் வேலி ஓரத்துக்கு ஓடின. ஒரு மணித்தியாலம் போயிற்று. பனி கொட்டத் தொடங்க முன்னர் போகவேண்டும், இன்னும் பத்து நிமிடம்தான் என்றார் அவர்.

காரின் கதவு திறந்த சத்தம் கேட்டது.

மனைவி நேரே வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கினாள். "தள்ளி நில்லுங்கோ. இப்பிடியே மாட்டை இழுக்கிறது?" பிறகு பசுக்களைப் பார்த்து, "பா... பா... வா பிள்ளை," என்று கூப்பிட்டபடி தானே முதலில் ட்ரெயிலருக்குள் ஏறினாள். மூத்தது பெருமூச்சு விட்டுப் பின்னால் ஏறியது. மற்ற இரண்டும் அதன் பின்னால். பக்கத்துச் சின்னக் கதவால் அவள் வெளியே வந்தபோது ஜக்கெற் முழுக்க வைக்கோல்.

வாங்கியவர் கைகொடுத்துவிட்டுப் போனார். திரும்பும்போது, வழியில் மார்க்கம் நகரைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"அவ வெட்டக் குடுக்கமாட்டா என்ன?"

"மாட்டா. கன்றுக்குத்தான் வாங்கினவ."

அவள் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"இண்டைக்குச் சாமி விளக்கை நீங்கள் கொளுத்துங்கோ," என்றாள். "மாட்டை ஏத்தின கையாலை எனக்கு ஏலாது."